விலை வெளிச்சம், மாடு மறைவு: போக்கரில் எதிராளியின் கையைக் கணக்கிடுவது எப்படி?

போக்கர் திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா? இந்தக் கேள்விக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் இரண்டு விதமான பதில் வந்ததுபோல் பலருக்கும் தோன்றுகிறது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி இணையத்தில் ஆடும் ஆட்டங்களை மொத்தமாகத் தடை செய்தது. அதில் போக்கரும் அடக்கம். திறமை என்றால் தடை எதற்கு, தடை என்றால் திறமை இல்லையா என்று திருநெல்வேலிப் பக்கம் செய்தித்தாள் விரிகிற டீக்கடைப் பெஞ்சுகளில் பேச்சு ஓடுகிறது.

சட்டத்துக்குப் போகுமுன் சீட்டுக்குப் போகவேண்டும். போக்கரில் திறமை என்று ஒன்று உண்டென்றால் அதன் பெரும்பகுதி ஒரே வேலையில் இருக்கிறது: எதிராளியின் கையில் என்னென்ன சீட்டு இருக்கலாம் என்று, அவர் கட்டும் பணத்தை வைத்துக் கணக்கிடுவது. அந்தக் கணக்கு என்ன, எவ்வளவு தூரம் செல்லும், எந்த இடத்தில் கைவிடும் என்று தெரிந்தால் செய்தியும் தெளிவாகும். இங்கே சொல்லப்படுவது ஆட்டத்தின் உள்வேலை. பணம் வைத்து ஆட யாரையும் கூப்பிடும் நோக்கம் இதற்கு இல்லை. அதனால் எடுத்துக்காட்டு முழுக்கப் புளியங்கொட்டைதான் பந்தயம்.

துண்டுக்குள் விரல்

மேலப்பாளையம் மாதிரிச் சந்தைகளில் மாட்டு வியாபாரம் பழைய முறையில் நடப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தரகரும் வாங்குகிறவரும் கைகளைத் துண்டால் மூடிக்கொண்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். மாடு எல்லார் கண்முன்னும் நிற்கும். விலை மட்டும் அந்தத் துண்டுக்குள். சுற்றி நிற்பவர்களுக்கு ஒரு ரூபாய் கூடத் தெரியாது.

போக்கர் இதன் தலைகீழ். விலை வெளிச்சத்தில் இருக்கிறது, மாடு மறைவில். எதிராளி எவ்வளவு கட்டினார், எப்போது கட்டினார், எப்போது கட்டாமல் விட்டார் என்பதெல்லாம் மேசையில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். அவர் கையிலுள்ள இரண்டு சீட்டு மட்டும் தெரியாது. தெரிந்த விலையிலிருந்து தெரியாத மாட்டுக்குப் போகவேண்டும்.

இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. அதில் ஜாக்கிக்கு மூன்று, ஒன்பதுக்கு இரண்டு, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று, ஆக மொத்தம் 28 புள்ளி. எதிர்ப்பக்கத்துக்காரர் கேள்வியைச் சட்டென்று உயர்த்தினால், கையில் ஜாக்கி இருக்கிறது, துருப்பு எது என்று முடிவு செய்துவிட்டார் என்று உடனே மனசில் ஓடும். ரம்மியில் கீழே போட்ட ஏழை ஒருவர் எடுத்துக்கொண்டால், அதன் பக்கத்துச் சீட்டுகளை நாம் போடத் தயங்குவோம். அதே புத்திதான். போக்கரில் அதற்கு விலையும் சேர்ந்துகொள்கிறது.

ஆட்டத்தின் அடிப்படை

இன்று அதிகம் ஆடப்படும் வகை டெக்சஸ் ஹோல்டம். ஒவ்வொருவருக்கும் மறைவாக இரண்டு சீட்டு. நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு வரும்: முதலில் மூன்று (ஃபிளாப்), பிறகு ஒன்று (டர்ன்), கடைசியாக ஒன்று (ரிவர்). ஏழு சீட்டில் சிறந்த ஐந்தை வைத்து வெற்றி.

சீட்டு வருமுன்பே இருவர் கட்டாயமாக ஒரு சிறு தொகை கட்டுவார்கள். அது பிளைண்ட். நடுவில் சேரும் குவியலுக்குப் பாட் என்று பெயர். ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் கட்டாமல் நகரலாம் (செக்), கட்டலாம் (பெட்), எதிராளி கட்டியதை ஈடு செய்யலாம் (கால்), ஏற்றலாம் (ரேஸ்), கையை மடக்கிவிடலாம் (ஃபோல்டு). மடக்கியவர் கையில் என்ன இருந்தது என்று யாரும் கேட்கமுடியாது. நல்ல சீட்டு இல்லாமலேயே பெரிதாகக் கட்டி மற்றவரை மடக்க வைப்பது பிளஃப்.

ஒரு சீட்டை ஊகிப்பது வேலை இல்லை

ஆடத் தொடங்குகிறவர்கள் எல்லாரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. "அவர்கிட்ட ஏஸ்-கிங்தான் இருக்கு" என்று ஒரே கையை முடிவு செய்துவிடுவார்கள். பிறகு நடப்பதெல்லாம் அந்த முடிவுக்குச் சாட்சி ஆகிவிடும். அனுபவமுள்ளவர் அப்படி நினைப்பதில்லை. எதிராளியிடம் இருக்கக்கூடிய எல்லாக் கைகளையும் ஒரு கூட்டமாக மனசில் வைத்துக்கொள்கிறார். அந்தக் கூட்டத்துக்கு ரேஞ்ச் என்று பெயர். ஒவ்வொரு பந்தயமும் வரும்போது பொருந்தாத கைகளைக் கழிக்கிறார். கடைசிவரை மிச்சமிருப்பது ஒரு கை அல்ல, ஒரு சிறிய கூட்டம்.

கழிக்கவேண்டும் என்றால் முதலில் எண்ணத் தெரியவேண்டும். 52 சீட்டிலிருந்து இரண்டை எடுக்க 1326 வழிகள் உண்டு. அதில் மூன்று எண்களை நினைவில் வைத்தால் போதும்:

1. ஒரு ஜோடி (இரண்டு கிங், இரண்டு ஒன்பது போல) வர 6 வழி.
2. ஏஸ்-கிங் போல வேறுவேறு மதிப்புள்ள இரண்டு சீட்டு வர 16 வழி. அதில் ஒரே இனமாக வருவது 4, வேறு இனமாக வருவது 12.
3. அந்த மதிப்பில் ஒரு சீட்டு நம் கையிலோ நடுவிலோ தெரிந்துவிட்டால், ஜோடிக்கான வழி ஆறிலிருந்து 3 ஆகக் குறையும். பதினாறு 12 ஆகும்.

மூன்றாவது புள்ளியின் அருமை கொஞ்சம் கழித்துத் தெரியும்.

தென்காசிப் பேருந்தும் பேய்ஸ் விதியும்

சாட்சியை வைத்து நம்பிக்கையை எப்படித் திருத்துவது என்பதற்குக் கணிதத்தில் ஒரு விதி இருக்கிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த தாமஸ் பேய்ஸ் என்ற மதகுரு எழுதி வைத்தது, அவர் மறைவுக்குப் பின் 1763-இல் வெளியானது. அதை நம்மூர்ப் பேருந்து நிலையத்தில் வைத்தே சொல்லிவிடலாம்.

வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையத்தில் நிற்கிறீர்கள். தென்காசியிலிருந்து வந்த பேருந்தின் கூரை ஈரமாக இருக்கிறது. தென்காசியில் மழையா? ஜூலை மாதம் என்றால், சாரல் காலம், 100 நாளில் 60 நாள் அங்கே மழை என்று வைத்துக்கொள்வோம். மழை நாளில் பத்துக்கு ஒன்பது பேருந்து நனைந்து வரும்: 54. மழையில்லாத 40 நாளில் பத்துக்கு ஒன்று, கழுவிவிட்டதாலோ வேறு காரணத்தாலோ ஈரமாக வரும்: 4. ஆக ஈரமான 58 பேருந்தில் 54 மழையில் நனைந்தவை. கிட்டத்தட்ட 93 சதவீதம்.

ஏப்ரல் மாதம் என்றால் 100 நாளில் 10 நாள் மழை என்று கொள்வோம். மழையில் நனைந்து வருபவை 9. மற்ற 90 நாளில் ஈரமாக வருபவை 9. சரிபாதி. ஈரம் அதேதான், பேருந்தும் அதேதான், மாதம்தான் வேறு.

போக்கரில் 'மாதம்' என்பது எதிராளியின் சுபாவம். பெரிய பந்தயம் என்ற ஈரத்தைப் பார்த்தவுடன் பெரிய கை என்று சொல்லிவிட முடியாது. எப்போதும் அளந்து ஆடுகிறவர் கட்டினாரா, நின்றால் நடந்தால் கட்டுகிறவர் கட்டினாரா என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

ஒரு கையை முழுதாக எண்ணிப் பார்ப்போம்

ஒரு வீட்டுத் தார்சாவில் புளியங்கொட்டை வைத்து ஆட்டம் நடப்பதாகக் கற்பனை செய்வோம். பிளைண்ட் 2, 4. எதிராளி இசக்கி அண்ணாச்சி. நிதானமானவர், நல்ல கை இல்லாமல் உள்ளே வரமாட்டார். அவர் 9 கொட்டைக்கு ஏற்றுகிறார். பெரிய பிளைண்டில் இருக்கும் நம் கையில் இஸ்பேடு ஜாக்கி, டைமண்ட் ஜாக்கி. நாம் மேலும் ஏற்றாமல் கால் மட்டும் செய்கிறோம். சின்ன பிளைண்ட் மடக்கிவிட்டார். பாட்டில் 9 + 9 + 2 = 20.

1. தொடக்கக் கூட்டம். அண்ணாச்சி இப்படி ஏற்றுவது ஒன்பது ஜோடியும் அதற்கு மேலுள்ள ஜோடிகளும், ஏஸ்-கிங், ஏஸ்-குயின், ஒரே இனக் கிங்-குயின் ஆகியவற்றில்தான் என்று பழக்கத்திலிருந்து தெரியும். எண்ணினால்: ஏஸ், கிங், குயின், பத்து, ஒன்பது ஜோடிகள் ஆறாறாக 30, ஜாக்கி ஜோடி 1 (இரண்டு ஜாக்கி நம்மிடம்), ஏஸ்-கிங் 16, ஏஸ்-குயின் 16, ஒரே இனக் கிங்-குயின் 4. மொத்தம் 67 வழி.

2. ஃபிளாப். ஆர்ட்டின் கிங், ஆர்ட்டின் எட்டு, கிளாவர் நான்கு. ஒரு கிங் நடுவில் வந்துவிட்டதால் கிங் ஜோடி 3 ஆகிறது, ஏஸ்-கிங் 12, கிங்-குயின் 3. மொத்தம் 59. இதில் நம் ஜாக்கி ஜோடியை வெல்பவை: கிங் ஜோடி 3, ஏஸ்-கிங் 12, கிங்-குயின் 3, ஏஸ் ஜோடி 6, குயின் ஜோடி 6, ஆக 30. நம்மிடம் தோற்பவை 28. சமம் 1. நாம் செக். அவர் 10 கட்டுகிறார். இந்த மாதிரி ஃபிளாப்பில் முதலில் ஏற்றியவர் எந்தக் கையானாலும் ஒருமுறை சிறிதாகக் கட்டிப் பார்ப்பது வழக்கம். எல்லாக் கையிலும் கட்டுகிற பந்தயம் நமக்கு எந்தச் செய்தியும் சொல்லாது. கூட்டம் 59 அப்படியே நிற்கிறது. கால். பாட் 40.

3. டர்ன். டைமண்ட் இரண்டு. யாருக்கும் உதவாத சீட்டு. நாம் செக். அவர் 20 கட்டுகிறார். இப்போதுதான் பேச்சு தொடங்குகிறது. ஒன்பது ஜோடி, பத்து ஜோடி, ஜாக்கி ஜோடி, குயின் ஜோடி வைத்திருக்கும் நிதானஸ்தர் இங்கே இரண்டாவது முறை கட்டமாட்டார். நடுவில் கிங் இருப்பதால் பயந்து செக் செய்து ரிவரைப் பார்ப்பார். ஏஸ்-குயினில் பெரும்பாலானவை இங்கே கைவிடப்படும். ஆர்ட்டின் ஏஸ் உள்ள நான்கு வழிகள் மட்டும் தொடரலாம். அவற்றில் ஆர்ட்டின் ஏஸும் ஆர்ட்டின் குயினும் சேர்ந்த ஒன்று இன்னொரு ஆர்ட்டினுக்காகக் காத்திருக்கிறது (ஒரே இனத்தில் ஐந்து சேர்ந்தால் அது ஜோடியைவிடப் பெரிய கை). மற்ற மூன்றும், ஆர்ட்டின் ஏஸ் தன்னிடமே இருப்பதால் நம்மிடம் மிகப் பெரிய ஆர்ட்டின் கை இருக்க முடியாது என்று தெரிந்து மிரட்டத் தோதானவை. நாம் கால். பாட் 80.

4. ரிவர். இஸ்பேடு பத்து. ஆர்ட்டின் வரவில்லை. அண்ணாச்சி 80 கட்டுகிறார், பாட் முழுவதும். இவ்வளவு பெரிய தொகைக்குக் கிங்-குயினையும் கழித்துவிடலாம், அதை வைத்திருந்தால் கட்டாமல் செக் செய்து சீட்டைக் காட்டிப் பார்ப்பார். மிச்சம்: ஏஸ் ஜோடி 6, கிங் ஜோடி 3, ஏஸ்-கிங் 12, ஆக நிஜக் கை 21. பிளஃப் அதிகபட்சம் 4.

ஐம்பத்தொன்பதிலிருந்து இருபத்தைந்துக்கு வந்துவிட்டோம். முகத்தையே பார்க்கவில்லை.

விலை கேட்கும் கேள்வி

இப்போது மடக்குவதா, 80 கட்டிப் பார்ப்பதா? இதற்கு நம் கை வலுவா இல்லையா என்று கேட்டால் பதில் கிடைக்காது. விலையைக் கேட்கவேண்டும். நாம் 80 போட்டால் பாட்டில் ஏற்கெனவே இருக்கும் 80, அவர் போட்ட 80, நம்முடைய 80 என மொத்தம் 240. நாம் போட்டது அதில் மூன்றில் ஒரு பங்கு. ஆக, மூன்றில் ஒரு முறைக்கு மேல் ஜெயித்தால்தான் இந்தக் கால் கட்டுப்படியாகும். இதைப் பாட் ஆட்ஸ் என்பார்கள்.

அண்ணாச்சியின் 25 கைகளில் நாம் ஜெயிப்பது 4. அதாவது 16 சதவீதம். தேவை 33. மடக்கவேண்டியதுதான். பிடிவாதமாகக் கட்டினால் சராசரியாக ஒவ்வொரு முறையும் 41 கொட்டைக்கு மேல் போகும்: நான்கு முறை 160 வருவது 640, இருபத்தொரு முறை 80 போவது 1680.

பந்தயத்தின் அளவுக்கேற்ப இந்தத் தேவை மாறும். பாட்டில் பாதி கட்டினால் நாலில் ஒன்று போதும். பாட்டைப் போல் இரு மடங்கு கட்டினால் ஐந்தில் இரண்டு வேண்டும். எனவே பெரிதாகக் கட்டுகிறவர் பிளஃபும் அதிகம் வைத்திருக்க இடமுண்டு, சிறிதாகக் கட்டுகிறவர் குறைவாகத்தான் வைத்திருக்கமுடியும். பெரிய பந்தயத்தைப் பார்த்தவுடன் பயப்படுகிறோமே, கணக்கு அதற்கு நேர் எதிரான ஒரு செய்தியையும் சேர்த்தே வைத்திருக்கிறது.

அதே சீட்டு, அதே பந்தயம், வேறு ஆள்

இப்போது அண்ணாச்சி இடத்தில் மாடசாமியை உட்கார வைப்போம். இளவட்டம். கையில் ஏதாவது தோது இருந்தால் போதும், உள்ளே வந்துவிடுவான். நடுவில் வந்த சீட்டு, கட்டிய தொகை எல்லாம் அப்படியே.

நிஜக் கை பக்கம் அவனுக்குக் கூடுதல் உண்டு. ஏஸ் ஜோடி 6, கிங் ஜோடி 3, ஏஸ்-கிங் 12 உடன், அண்ணாச்சி தொடவே தொடாத எட்டு ஜோடி 3, நான்கு ஜோடி 3, இரண்டு ஜோடி 3 சேரும். இவை நடுவிலுள்ள சீட்டோடு மூன்றாகிவிடும். மொத்தம் 30.

பிளஃப் பக்கம் அதைவிடப் பெருகும். ஆர்ட்டினுக்காகக் காத்திருந்து ஏமாந்த கைகளை எண்ணுவோம். ஆர்ட்டின் ஏஸுடன் குயின், ஜாக்கி, ஒன்பது, ஏழு, ஆறு, ஐந்து, மூன்று: 7. பத்து, நான்கு, இரண்டு சேர்ந்தவை நடுச்சீட்டோடு ஜோடி ஆகிவிட்டதால் அவற்றை வைத்து மிரட்டமாட்டான் என்று கழித்துவிட்டோம். அப்புறம் ஆர்ட்டினிலேயே குயின்-ஜாக்கி, குயின்-ஒன்பது, ஜாக்கி-ஒன்பது, ஒன்பது-ஏழு, ஏழு-ஆறு, ஆறு-ஐந்து: 6. முன்பு சொன்ன, ஆர்ட்டின் ஏஸோடு வேறு இனக் குயின் சேர்ந்த 3. மொத்தம் 16.

ஆக 46 கையில் 16 பிளஃப். 34.8 சதவீதம். தேவை 33.3. இம்முறை கால் செய்யலாம், மயிரிழையில்.

ஒரு ஜாக்கியின் இனம் மாறினால்

இந்தக் கட்டுரையில் ஒரு இடத்தில் நின்று யோசிக்கவேண்டுமென்றால் இங்கே நிற்கலாம். நம்மிடம் இருந்தது இஸ்பேடு ஜாக்கியும் டைமண்ட் ஜாக்கியும். டைமண்டுக்குப் பதில் ஆர்ட்டின் ஜாக்கி இருந்திருந்தால்? ஜோடியின் வலு ஒரு துளியும் மாறவில்லை. ஆனால் ஆர்ட்டின் ஜாக்கி நம்மிடம் இருந்தால் அது மாடசாமியிடம் இருக்கமுடியாது. அவனுடைய பிளஃப் பட்டியலில் ஏஸ்-ஜாக்கி, குயின்-ஜாக்கி, ஜாக்கி-ஒன்பது மூன்றும் காணாமல் போகின்றன. 16 என்பது 13 ஆகிவிடும். நிஜக் கை 30 அப்படியே. 43-இல் 13, அதாவது 30.2 சதவீதம். தேவைக்குக் கீழே. மடக்கவேண்டும்.

இதைப் பிளாக்கர் என்கிறார்கள். நம் கையின் சீட்டு எதிராளியின் எந்தக் கைகளை இல்லாமல் ஆக்குகிறது என்று பார்ப்பது. புதிதாக ஆடுகிறவர் 'என்னிடம் ஜாக்கி ஜோடி' என்பதோடு நின்றுவிடுவார். தேர்ந்தவர் அந்த ஜாக்கிகள் எந்த இனம் என்று பார்ப்பார். திறமை என்ற சொல்லுக்குப் போக்கரில் கையில் பிடித்துக் காட்டக்கூடிய பொருள் இதுதான் என்பது என் எண்ணம்.

கணக்கு கைவிடும் இடங்கள்

மேலே வந்த எண்கள் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தாலும், அவை நிற்கும் தரை மெத்தென்றது. மாடசாமி ஆர்ட்டின் ஆறு-ஐந்தை முதலிலேயே மடக்குகிற ஆள் என்றால் பிளஃப் 15 ஆகிவிடும். 45-இல் 15, சரியாக மூன்றில் ஒன்று, லாபமும் இல்லை நட்டமும் இல்லை. இன்னொன்றையும் அவன் கட்டாமல் விட்டால் நட்டம். அதனால் பலவீனம் பெருக்கலில் இருப்பதில்லை, ஆளைப் பற்றி நாம் வைத்த அனுமானத்தில் இருக்கிறது.

1. குறைந்த சாட்சி. ஒருவரை நான்கைந்து கை பார்த்துவிட்டு 'இவர் இப்படித்தான்' என்பது, ஒரே ஒரு ஈரப் பேருந்தை வைத்து மாதத்தைச் சொல்வது போல.
2. மனசில் நிற்கும் கைகள். பெரிய பிளஃப் ஒன்றில் மாட்டினால் அது மட்டும் நினைவில் நிற்கும். அவர் அமைதியாக மடக்கிய நாற்பது கை மறந்துபோகும். மடக்கிய கையை யாரும் காட்டுவதில்லை என்பதால் நமக்குக் கிடைக்கும் சாட்சியே ஒருபக்கம் சாய்ந்தது.
3. எதிராளியும் எண்ணுகிறார். அண்ணாச்சி பிளஃப் செய்யமாட்டார் என்று நாம் நம்புகிறோம் என அவருக்குத் தெரிந்த நாளில், அந்த நம்பிக்கையையே காசாக்கத் தொடங்கிவிடுவார்.

முகபாவம், கைநடுக்கம், கொட்டையைத் தள்ளும் வேகம் ஆகியவற்றுக்கும் நேர்முக ஆட்டத்தில் மதிப்பு உண்டு. ஆனால் முதலில் எண்ணிக்கை, அது சரிபாதிக்குப் பக்கத்தில் நிற்கும்போது ஒரு பக்கம் சாய்க்க முகம். இந்த வரிசை மாறினால் ஆட்டம் குறி சொல்வதாகிவிடும்.

ஏன் பிளஃப் செய்தே ஆகவேண்டும்?

மூன்றாவது சிக்கலுக்கு, அதாவது எதிராளியும் நம்மைப் படிக்கிறார் என்பதற்கு, விடை தேடியவர் கணிதவியலாளர் ஜான் ஃபான் நாய்மன். 1928-இல் அவர் நிறுவிய தேற்றம் இருவர் மோதும் ஆட்டங்களுக்கு அடித்தளம் போட்டது. 1944-இல் ஆஸ்கர் மார்கன்ஸ்டர்னுடன் சேர்ந்து எழுதிய நூலில் போக்கரையே எடுத்து ஆராய்ந்தார். எளிமையாக்கிய போக்கரில் அவர் கண்ட முடிவு இது: மிகச் சிறந்த கையிலும் மிக மோசமான கையிலும் கட்டவேண்டும், நடுத்தரக் கையில் செக் செய்யவேண்டும்.

காரணம் எளிது. நல்ல கையில் மட்டும் கட்டுகிறவருக்கு எதிரே யாரும் கால் செய்யமாட்டார்கள். அவர் நல்ல கையாலும் சம்பாதிக்கமுடியாது. அவ்வப்போது வெறுங்கையில் கட்டினால்தான் நிஜக் கையில் கட்டும்போது மற்றவர்கள் உள்ளே வருவார்கள். வெறுங்கை ஏன், நடுத்தரக் கை ஏன் கூடாது? நடுத்தரக் கை கட்டாமலேயே சில நேரம் ஜெயிக்கும், அதை வீணாக்கத் தேவையில்லை. நம் எடுத்துக்காட்டில் ஒன்பது ஜோடியையும் பத்து ஜோடியையும் டர்னில் கழித்தோமே, அந்தக் கழித்தலின் வேர் இங்கே இருக்கிறது.

எவ்வளவு பிளஃப் என்பதற்கும் விடை உண்டு. ரிவரில் பாட் அளவு கட்டினால் கட்டும் கைகளில் மூன்றில் ஒன்று பிளஃபாக இருக்கலாம். அப்போது எதிரே இருப்பவர் கால் செய்தாலும் மடக்கினாலும் சராசரியில் ஒன்றுதான். அவரால் நம்மைச் சுரண்டமுடியாது. அண்ணாச்சி 21 நிஜக் கைக்கு 4 பிளஃப்தான் வைத்திருக்கிறார். கணக்குப்படி 10 வரை வைத்திருக்கலாம். அவர் கட்டினால் நாம் நிம்மதியாக மடக்க முடிவது அந்தக் குறையால்தான்.

எந்திரம் வந்து சேர்ந்தபோது

இந்தச் சமநிலையைக் கையால் கணக்கிட முடியாது. கணினியால் முடிந்தது. 2015-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகக் குழு, பந்தய அளவுக்கு வரம்புள்ள இருவர் ஹோல்டம் ஆட்டத்தை நடைமுறை அளவில் முழுமையாகத் தீர்த்துவிட்டதாக அறிவித்தது. 2017 ஜனவரியில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ரேட்டஸ், வரம்பில்லாத இருவர் ஆட்டத்தில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை 1,20,000 கைகள் ஆடி வென்றது. 2019-இல் ப்ளூரிபஸ் ஆறு பேர் மேசையிலும் வென்றது. இந்த நிரல்கள் எதுவும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

இதன் விளைவு இரண்டு. போக்கரில் கற்றுக்கொள்ளக்கூடிய ஆழமான திறமை இருக்கிறது என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை. அதே சமயம், கைப்பேசியில் ஆடுகிறவருக்கு எதிரே இருப்பது மனிதனா, நிரலின் துணையோடு ஆடும் மனிதனா, நிரலேதானா என்று அவரால் தெரிந்துகொள்ள முடிவதில்லை.

கட்டணம் நுழைந்தால் கணக்கு என்ன ஆகும்?

வீட்டுத் தார்சாவில் பாட்டிலிருந்து யாரும் பங்கு எடுப்பதில்லை. பணத்துக்கு ஆட்டம் நடத்தும் இடங்களில் ஒவ்வொரு பாட்டிலிருந்தும் ஒரு பங்கு போகும். அதன் பெயர் ரேக். அது 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மாடசாமிக்கு எதிராக நாம் செய்த சரியான காலை மறுபடி எண்ணலாம்.

1. ரேக் இல்லாதபோது: 16 முறை ஜெயித்து 160 வீதம் 2560. 30 முறை தோற்று 80 வீதம் 2400. 46 கைக்கு 160 லாபம்.
2. ரேக் 5 சதவீதம் என்றால்: 240 பாட்டில் 12 போய்விடும். ஜெயிக்கும்போது கிடைப்பது 148. 16 முறைக்கு 2368. தோல்வியில் போவது அதே 2400. 32 நட்டம்.

அத்தனை நுட்பமாக எண்ணி, ஜாக்கியின் இனம் வரை பார்த்து எடுத்த சரியான முடிவு, கட்டணத்தால் தவறான முடிவாக மாறிவிட்டது. திறமை அப்படியே இருக்கிறது, பணம் இல்லை. திறமையில் சமமானவர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்து நாள் முழுவதும் ஆடினால் எல்லாருமே சேர்ந்து இழப்பார்கள்.

இன்னொன்றையும் சேர்க்கவேண்டும். ரேக் இல்லாவிட்டாலும் அந்தச் சரியான கால் மூன்றில் ஏறத்தாழ இரண்டு முறை தோற்கும். தொடர்ந்து ஐந்து முறை தோற்பதற்கு 12 சதவீத வாய்ப்பு. ஐந்து முறை தோற்ற ஒருவருக்குத் தான் சரியாக ஆடியும் தோற்றோமா, தவறாக ஆடித் தோற்றோமா என்று உள்ளிருந்து தெரியாது. விட்டதைப் பிடிக்கலாம் என்று கடன் வாங்கி உட்காருவது இந்தத் தெரியாமையிலிருந்துதான் தொடங்குகிறது. பணக்கார ஊர், ஏழை ஊர் என்று பார்க்காமல் பல குடும்பங்களைக் குலைத்தது அது.

இப்போது சட்டத்துக்கு

இவ்வளவும் தெரிந்தபின் செய்தியின் முரண் கரைந்துவிடுகிறது. வரிசையாகப் பார்க்கலாம்:

1. 1968-இல் உச்ச நீதிமன்றம் ரம்மியை, மூன்று சீட்டு போல வெறும் அதிர்ஷ்ட ஆட்டமாகக் கொள்ளமுடியாது, அதில் திறமையே மேலோங்கியது என்றது. அந்த அளவுகோல் இன்றுவரை தொடர்கிறது.
2. பணம் வைத்து இணையத்தில் ஆடுவதைத் தடுக்கத் தமிழ்நாடு 2021-இல் கொண்டுவந்த சட்டத்திருத்தத்தை அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.
3. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பின் 2022-இல் புதிய சட்டம் நிறைவேறியது. ஆளுநர் திருப்பி அனுப்பி, பேரவை மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அதன் அட்டவணை ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டமாகக் குறித்தது.
4. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்த அட்டவணை செல்லாது என்றது. சட்டத்தின் மற்ற பகுதிகள், ஒழுங்குபடுத்தும் அதிகாரம் உட்பட, நின்றன.
5. 2025 ஆகஸ்ட் 22 அன்று ஒப்புதல் பெற்ற ஒன்றிய அரசின் சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே எழுப்பவில்லை. இணையத்தில் பணம் கட்டி, பணம் வரும் என்று எதிர்பார்த்து ஆடுவதா என்று மட்டும் கேட்கிறது. ஆம் என்றால் தடை. ஆட்டத்தை வழங்குகிறவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை.

நீதிமன்றம் கேட்டது, முடிவைத் தீர்மானிப்பதில் எண்ணுகிறவரின் பங்கு பெரிதா என்பது. அதற்கு மேலே கண்ட ஆர்ட்டின் ஜாக்கி பதில் சொல்லும்: ஆம், பெரிது. நாடாளுமன்றம் கேட்டது வேறு: கைப்பேசி வழியாக இந்த ஆட்டத்தில் பணம் போகும்போது என்ன நடக்கிறது என்பது. அதற்குப் பதில் அந்த 12 கொட்டையில் இருக்கிறது. இரண்டு கேள்விக்கும் ஒரே சொல்லால் விடை தேடியதால்தான் குழப்பம்.

தார்சாவில் பாய் விரித்து, புளியங்கொட்டையைக் கூறு போட்டு, இசக்கி அண்ணாச்சியின் கையை எண்ணிக்கொண்டிருப்பதை 2025-ஆம் ஆண்டுச் சட்டம் தொடவில்லை.